இடது காதுக்கு எட்டாத கை

பாலர் வகுப்பு டீச்சர் வேலைக்குப் படிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, புடவைத் தலைப்பு மட்டும் நீளமாக இருக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு அதுதான் கைக்குட்டை, அதுதான் துண்டு, ஒளிந்துகொள்ளத் திரையும் அதுதான். வீட்டுக்கு வந்ததும் தலைப்பைத் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் காப்பி குடித்துப் பழகிய சகோதரிகள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வதில் ஒரு சொல்லும் மிகையில்லை என்று சாட்சி சொல்வார்கள்.

நான் வேலை பார்த்தது பெங்களூர் தண்டில். கண்டோன்மெண்டை எங்கள் ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள். பெரிய சண்டை வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி. பேட்டைக்காரர்கள் கூடி நடத்திய சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடம் அது. ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு கொய்யா மரம், தெருக்கோடியில் ஜட்கா ஸ்டாண்டு. நான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. ஆனாலும் அங்கே நடக்கும் சரஸ்வதி பூஜைப் பொரியை ஒரு வருஷமும் விட்டதில்லை. அப்படி ஒரு வருஷத்தில், ஜூன் தொடங்கி தசரா வரைக்கும், ஒரு பையனின் கையும் காதும் எங்களைப் படுத்திய பாட்டைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நடுநடுவே மற்றக் குழந்தைகளும் வருவார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டுப் பேச எனக்கு வராது.

காது நாள்

பள்ளிக்கூடம் திறக்கும் அன்று எங்களுக்குக் காது நாள். பிறந்த தேதியை எழுதிவைத்த வீடுகள் எங்கள் பேட்டையில் குறைவு. ஆகவே வயசுக்கு அத்தாட்சி காதுதான். குழந்தை நிமிர்ந்து நின்று, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தலையைச் சாய்க்கக் கூடாது. தொட்டால் ஐந்து வயசு ஆகிவிட்டது, பேரை எழுதிக்கொள்ளலாம். தொடாவிட்டால் வீட்டுக்குப் போய் இன்னும் ஒரு வருஷம் சாப்பிட்டு வளர்ந்துவிட்டு வரவேண்டியதுதான். ஹெட்மாஸ்டர் ஏகாம்பர முதலியார் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு காதாகப் பார்ப்பார். மகள் வயிற்றுப் பேரனையே கை எட்டவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டு, மகளோடு ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த மனுஷர்.

அன்று கடைசியாக வந்தவள் கன்னியம்மா. கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரி. நூல் மில்லில், அறுந்துபோகிற இழையை முடிபோட்டுச் சுற்றுகிற வேலை. நேராக மில்லிலிருந்தே வந்திருந்தாள், தலையெல்லாம் பஞ்சு. கையைப் பிடித்தபடி மகன் கோவிந்தன். அவனுக்குத் திருப்பதி வேண்டுதல். பிறந்ததிலிருந்து கத்தி படாத தலைமயிரை வாரி, உச்சந்தலையில் தேங்காய் மாதிரி ஒரு கொண்டை போட்டிருந்தது. வலது கை அந்தக் கொண்டையின் மேல் ஏறி, அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கி, காதுக்கு மேலே நின்றுவிட்டது. பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு எம்பினான். விரல் எட்டவில்லை.

கன்னியம்மா விடவில்லை. “எங்கூரு ஏரி ரொம்பி வழிஞ்சி கோடி போச்சே, அந்த வருசம் பொறந்தவன் இவன். அஞ்சு எப்பவோ முடிஞ்சிபோச்சு. பக்கத்து ஊட்டு அக்காதான் பார்த்துக்கினு இருந்தாங்க, அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. இவனை மில்லுக்குள்ள கூட்டிகினு போனேன். இன்னொரு வாட்டி மிசினு பக்கம் பையனைப் பார்த்தா நீயும் வரவேணாம்னுட்டாரு மேஸ்திரி. இவங்கப்பா தங்கவயல்ல பூமிக்கு அடியில கீறாரு, மாசத்துக்கு ஒரு வாட்டிதான் வர்றாரு. நான் இவனை எங்க உடுவேன் சாமி?” என்றாள். ஹெட்மாஸ்டர் முழுக்கக் கேட்டார். அவர் முகம் இளகியதை நான் பார்த்தேன். ஆனாலும் இப்படித்தான் சொன்னார்: “ஏரி ரொம்பினதை நான் பார்க்கலை அம்மா. காது என் கண்ணு முன்னாடி இருக்குது. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

கட்டடத்தில் இருப்பவன்

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் நான் ஹெட்மாஸ்டரிடம் போய் நின்றேன். பையன் என் வகுப்பில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கட்டும், எனக்குச் சிரமமில்லை என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் போட்டுக்கொண்டார். ஜூனில் கை எட்டாமல் போனவர்களுக்கு விஜயதசமி அன்று மறுபடி காது பார்ப்பது வழக்கம். அதுவரைக்கும் உட்காரட்டும் என்றார். ஆனால் பேர் இல்லாத பையனுக்கு ஹாஜர் கிடையாது, சிலேட்டில் எழுதவும் கூடாது.

சிலேட்டை அவன் அம்மா முன்கூட்டியே வாங்கிவிட்டிருந்தாள். மரச்சட்டம் போட்ட புதுச் சிலேட்டு, மூலையில் துளை, துளையில் கயிறு, கயிற்று முனையில் துடைக்க ஒரு துணி. அதைப் பையோடு சுவரில் ஆணி அடித்து மாட்டினோம். கோவிந்தன் தினமும் வந்ததும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மணல் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். மணலில் எழுதக் கூடாது என்று ஹெட்மாஸ்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேல் வகுப்பு வாத்தியார் ஒருவர், பேரில்லாத பிள்ளை பள்ளிக்கூடத்தில் எப்படி இருக்கலாம் என்று கிளப்பினார். அதற்கு ஹெட்மாஸ்டர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே சொன்ன பதில்: “அவன் பள்ளிக்கூடத்துல இல்லை ஐயா, கட்டடத்துல இருக்கான். மழைக்கு ஒதுங்கினவனை நான் எப்படித் துரத்தறது?”

புளியங்கொட்டை

பாலர் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டியவை எவை என்று ஹெட்மாஸ்டர் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் வைத்திருப்பார். சிலேட்டு, பலப்பம், ஈரத் துணி, எண்ணிப் பழக ஒரு சின்னப் பை நிறையப் புளியங்கொட்டை. அதற்குக் கீழே, ஆண்பிள்ளைகளின் தலைமயிர் வெட்டியிருக்க வேண்டும் அல்லது கட்டியிருக்க வேண்டும் என்று ஒரு வரி. பேன் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குக் குடிபோவதை அவரால் பொறுக்கமுடியாது. இந்தச் சாமான்களில் குழந்தைகள் எழுதப் பயன்படுத்துவது பாதி, தின்பது பாதி. பலப்பத்தைக் கடித்துத் தின்னாத குழந்தையை நான் பார்த்ததில்லை. காலையில் விரல் நீளத்துக்கு இருப்பது மத்தியானம் நகம் அளவு ஆகிவிடும். உதட்டைப் பார்த்தாலே தெரியும், வெள்ளையாக இருக்கும்.

புளியங்கொட்டைக்கு வேறு விதமான ஆபத்து. தினமும் பை இளைத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் முன் வரிசையில் உட்காரும் கமலா என்ற பெண்ணை எழுப்பி, கையில் ஐந்து கொட்டை இருக்கிறது, இரண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டால் கையில் மீதி எத்தனை என்று கேட்டேன். கமலா கணக்கில் கெட்டிக்காரி. ஆனாலும் பதில் சொல்லாமல் யோசித்தாள். என்ன யோசனை என்றேன். அவள் ரொம்பப் பொறுப்பாக என்னையே திருப்பிக் கேட்டாள்: “வறுத்த கொட்டையா, பச்சைக் கொட்டையா டீச்சர்?”

இஸ்திரி போட்டது

மூக்கைத் தானே துடைத்துக்கொள்ளத் தெரிவது எங்கள் வகுப்பில் அரிச்சுவடிக்கு முந்தின பாடம். பெங்களூர்க் குளிரில் ஜூலை மாதம் ஒரு மூக்காவது சும்மா இருக்காது. சட்டையில் ஊசி குத்தி ஒரு துணியை மாட்டி அனுப்பும்படி வீடுகளுக்குச் சொல்லியிருந்தேன். கமலாவின் வீட்டில் அதை ரொம்பச் சிரத்தையாகச் செய்தார்கள். வெள்ளை வெளேரென்று, நாலு மடிப்பு கலையாமல், வாரம் பூராவும் அவள் நெஞ்சில் பூப்போல இருந்தது அந்தத் துணி. நானும் மற்றக் குழந்தைகளிடம் கமலாவைப் பாருங்கள், கமலாவைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அவள் பக்கத்தில் குனிந்து கையைப் பிடித்து ‘ஆ’ போட்டுக்கொண்டிருக்கும்போது, என் தலைப்பு இழுபடுகிறமாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால், கமலா அம்மாள் நிதானமாக மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உன் துணி எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். அவளுக்கு என் அறியாமை ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். “இது இஸ்திரி போட்டது டீச்சர், அழுக்காயிடும்” என்றாள்.

நாடா

சிலேட்டு, பலப்பம் எல்லாம் காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும். நாடா கட்டத் தெரிவது எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்தக் காலத்துக் கால்சட்டைக்கும் பாவாடைக்கும் இடுப்பில் நாடாதான். காலையில் அம்மாமார்கள் ஓடிக்கொண்டே ஒரு முடிச்சைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அது குழந்தைக்கு அவசரம் வரும்போதுதான் இறுகும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் லூர்து ஆயா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நகத்தாலும் ஊக்காலும் போராடி, பாதி நாள் தோற்றும் போயிருக்கிறோம். தோல்வியின் விவரம் உங்களுக்கே தெரியும்.

கோவிந்தனுக்கு அது ஒரு வித்தையே இல்லை. மில்லுக்குப் போன அந்தக் கொஞ்ச நாளில், அறுந்த இழைகளை அம்மா முடிபோடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்ட பையன். எந்த முடிச்சானாலும் இரண்டு விரலால் ஒரு தட்டு, ஒரு இழுப்பு, அவிழ்ந்துவிடும். திரும்பக் கட்டினால் நாள் பூராவும் நிற்கும், வேண்டும்போது ஒரே இழுப்பில் வரும். அவனுடைய உச்சிக் கொண்டையை மட்டும் அம்மாதான் போடுவாள், அது சாமி காரியம். மற்றபடி என் வகுப்பில் இடுப்பில் நிற்கும் எல்லா உடுப்பும் அவன் பொறுப்பு. ஆகஸ்டு மாதத்துக்குள் குழந்தைகள் என்னிடம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு தாயார் சாயங்காலம் வந்து என்னிடம் முறையிட்டாள்: “ஊட்லயும் என்னைத் தொட விடமாட்டேன்றான் டீச்சர். கோவிந்தனைக் கூட்டியான்னு ஒரே அழுகை. அந்தக் கோவிந்தன் யாரு, புதுசா வந்த வாத்தியாரா?”

காது ஏறி வந்தது

கோவிந்தன் சும்மா இருக்கும் நேரமெல்லாம் காதைத் தொடப் பழகிக்கொண்டிருப்பான். கொய்யா மரத்துக் கிளையைப் பிடித்துத் தொங்குவான். தொங்கினால் கை நீளும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இறங்கியதும் வலது கை தலைமேல் போகும், கொண்டைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் நிற்கும். முகம் வாடும். மறுபடி மரத்துக்குப் போவான்.

ஒருநாள் காலையில் பலத்த மழை. கோவிந்தன் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தான். லூர்து ஆயா கொண்டையை அவிழ்த்து, தலையைத் துவட்டி, மயிரை முதுகில் விரித்துப் போட்டு ஜன்னலோரம் உட்காரவைத்தாள். நான் மற்றவர்களுக்கு மணிச்சட்டத்தில் எண் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பின்னாலிருந்து என் புடவையை இழுத்தான். வலது கை தலையைச் சுற்றிக்கொண்டு போய் இடது காதின் நுனியைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. கண்ணெல்லாம் பயம், விட்டால் போய்விடும் என்பதுபோல. இத்தனை நாளும் ஹெட்மாஸ்டர், நான், ஆயா, பெற்றவள், எங்கள் ஒருவருக்கும் அந்தக் கொண்டை மயிர் என்றே தோன்றவில்லை, தலையோடு சேர்த்தே பார்த்திருக்கிறோம். பையனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். என்னிடம் சொன்னான்: “டீச்சரம்மா, காது மேல ஏறி வந்துட்ச்சி.”

ஆயா கொண்டை

அப்படியே அவனை இழுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்கு ஓடினேன். அவர் விரித்த மயிரைப் பார்த்தார், காதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அவருக்கும் சந்தோஷம்தான், மறைக்கத் தெரியவில்லை. ஆனால் வாசல் கரும்பலகையை அவரால் மறக்கமுடியுமா? பையன் தலை கட்டியிருக்க வேண்டும், கட்டிய தலையோடு காதைத் தொட வேண்டும் என்றார். வெட்டிவிடலாமே என்றால் அது திருப்பதிக்குப் போக வேண்டிய மயிர். தங்கவயலிலிருந்து அவன் அப்பாவுக்கு லீவு கிடைத்து, மூன்று பேரும் மலை ஏறுகிறவரைக்கும் கத்தி படக்கூடாது. சாயங்காலம் கன்னியம்மாவிடம் சொன்னபோது, “சாமி கடனுங்க டீச்சரம்மா, என் வேலை போனாலும் அதுல கை வைக்கமாட்டேன்” என்றாள்.

லூர்து ஆயாதான் ஒரு வழி சொன்னாள். கொண்டையை உச்சியில் போடாமல் தன்னுடையதுபோலப் பிடரியில் போட்டால் என்ன? தலைக்கு மேலே தடங்கல் இருக்காது. சொன்னதோடு நிற்காமல் கோவிந்தனைப் பிடித்து முழங்காலுக்கு நடுவில் உட்காரவைத்து, “சும்னே இருடா” என்று கன்னடம் கலந்து அதட்டி, பிடரியில் அழகாக ஒரு கொண்டை போட்டாள். வகுப்பே சிரித்தது. கமலா தன் கனகாம்பரத்தை எடுத்து அவனுக்கு வைக்க வந்தாள். அவ்வளவுதான். இரண்டு விரலால் ஒரு தட்டு, ஒரு இழுப்பு. அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். எத்தனை கெஞ்சினாலும், அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும், அவனிடமிருந்து வந்த பதில் ஒன்றுதான்: “அது ஆயா கொண்டை. நான் ஆம்பளை.”

ஒரு விரல்

செப்டம்பரில் இன்ஸ்பெக்டர் வந்தார். எங்கள் வகுப்பில் வெளியே போக வேண்டுமானால் வாய் திறந்து கேட்கக் கூடாது, ஒரு விரலைக் காட்ட வேண்டும். நான் “போய்ட்டு ஓடி வா” என்பேன். இந்த ஒரு பாடத்தில் மட்டும் என் வகுப்பு நூற்றுக்கு நூறு. இன்ஸ்பெக்டர் குழந்தைகளின் எண்ணறிவைச் சோதிக்க நினைத்தார். நடுவில் வந்து நின்று ஒரு விரலை உயர்த்தி, “எங்கே சொல்லுங்கள்?” என்றார். வகுப்பு அவரை அனுதாபத்தோடு பார்த்தது. கமலா எழுந்து, “போய்ட்டு ஓடி வாங்க சார், கொய்யா மரத்துக்கு அந்தாண்ட” என்றாள். நல்ல மனுஷர், வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் தலைகளை எண்ணினார். ஹாஜரில் இருப்பதைவிட ஒரு தலை அதிகம். அதுவும் கொண்டை போட்ட தலை, மறைக்க இடமில்லை. ஹெட்மாஸ்டர் மழை, கட்டடம் என்று ஏதோ ஆரம்பித்தார். அன்றைக்கு வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் கோபிக்கவில்லை, ஆனால் தயவும் காட்டவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “தசரா முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது இந்தப் பையன் பேர் ரிஜிஸ்தரில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பையன் இங்கே இல்லாமல் இருக்கட்டும்.”

தலைப்பாகை இல்லாத நாள்

சரஸ்வதி பூஜையன்று எல்லாச் சிலேட்டுகளையும் கழுவி, படத்துக்கு முன்னால் அடுக்கி வைப்பது வழக்கம். அன்றைக்கு யாரும் எழுதக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுத்து எழுத வேண்டும். கோவிந்தனின் சிலேட்டை ஆணியிலிருந்து நான்தான் எடுத்துக் கொண்டுபோய் மேலே வைத்தேன். அதைக் கழுவ வேண்டிய அவசியமே இல்லை. ஒரு கோடுகூடப் படாத சிலேட்டு. வைக்கும்போது, நாளைக்கும் இது இப்படியே வீட்டுக்குப் போகும் என்று நினைத்தேன், என் கண் கலங்கிவிட்டது. ஹெட்மாஸ்டர் கோட்டையும் தலைப்பாகையையும் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பூஜைக்கு உட்கார்ந்தார். தலைப்பாகை இல்லாமல் அவரை நாங்கள் பார்ப்பது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். குழந்தைகள் அவருக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்லாருடைய கண்ணும் பொரியிலும் கடலையிலும் இருந்தது. கோவிந்தன் மட்டும் ஹெட்மாஸ்டருக்கு நேர் பின்னால், பொரியை வாங்கக்கூட மறந்து, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். எனக்குக் காரணம் புரியவில்லை. தூக்கம் வருகிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் கன்னியம்மா அவனை அழைத்து வந்தாள். மில்லுக்கு ஆயுத பூஜை லீவு. தலையில் பஞ்சு இல்லை, மஞ்சள் பூசிய முகத்தில் ராத்திரி தூங்காத களைப்பு இருந்தது. “நாளைக்கு மில்லு சங்கு ஊதுமே டீச்சரம்மா” என்று மட்டும் சொன்னாள். உச்சிக் கொண்டையைப் புதுசாக எண்ணெய் தடவி இன்னும் இறுக்கமாகப் போட்டிருந்தாள். அவளும் என்ன செய்வாள், பண்டிகை நாள். ஹெட்மாஸ்டர் மறுபடி கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை கொண்டையின் மேல் ஏறியது, இறங்கியது, நின்றது. ஹெட்மாஸ்டர் காதையே பார்த்துக்கொண்டிருந்தார், தானே வளைந்து கொடுக்காதா என்பதுபோல. அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கன்னியம்மா பையனின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

“இரும்மா” என்று கோவிந்தன் தோளை விடுவித்துக்கொண்டான். கொண்டையில் ஒரு தட்டு, ஒரு இழுப்பு. மயிர் முதுகில் விழுந்தது. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், வாரிச் சேர்த்து, முறுக்கி, பிடரியில் ஒரு முடி போட்டான். தங்கவயல் சுரங்கத்துக் கயிற்றில்கூட அப்படி ஒரு இறுக்கம் இருந்திருக்காது. “டேய், பொம்பளை கொண்டைடா அது” என்றாள் கன்னியம்மா. “பொம்பளை கொண்டை இல்லம்மா. நேத்து நான் பார்த்தேன். சாரும் இதான் போட்டுகினு கீறாரு, தலைப்பாக்குள்ள” என்றான் அவன். சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்று வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைப் பிடித்துக்கொண்டான். நுனியை மட்டுமல்ல, காது முழுவதையும்.

லூர்து ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொய்யா மரத்துக்குப் பின்னால் போய்விட்டாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். ஹெட்மாஸ்டரின் கை தானாகப் பின்னால் போய், தலைப்பாகைக்கு அடியில் பிடரியில் இருந்த எலுமிச்சம்பழ அளவு குடுமியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியது. பிறகு அவர் பேனாவை எடுத்தார், ஒவ்வொரு எழுத்தாகக் கோவிந்தன் என்று எழுதினார், மை உலர ஊதினார். கன்னியம்மா சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பையன் இன்னும் காதை விடவில்லை. ஹெட்மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். “மழை விட்டுடுச்சு டீச்சர். அந்தப் பையன் சிலேட்டை எடுத்துக் கொடுங்க.”

பாலர் வகுப்பில் சேரும் குழந்தைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டு இப்போதும் என்னிடம் வருகிற தாய்மார்களுக்கு நான் சொல்வதெல்லாம், கை எட்டினாலும் எட்டாவிட்டாலும், ஹெட்மாஸ்டர் தலைப்பாகையைக் கழற்றுகிற அன்றைக்குப் பிள்ளையை மறக்காமல் அவருக்குப் பின்னால் உட்காரவையுங்கள் என்பதுதான்.